ஆளும் வேளையும்

நாடகக் கொட்டகையில் ராஜபார்ட் நடிகருக்குத் திடீரென்று தொண்டை கட்டிப் போனால் கம்பெனி முதலாளி என்ன செய்வார்? வேறொருவர் தலையில் கிரீடத்தை வைத்து மேடையில் ஏற்றிவிடுவார். நேற்று வரையில் மெலிந்த தேகத்துடன் இருந்த அரிச்சந்திர மகாராஜா இன்று இரட்டை நாடிச் சரீரத்துடன் வந்து நின்றாலும் ஜனங்கள் அதைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை. அரிச்சந்திரன் யார் என்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். நடிகர் வருவார், போவார், அரிச்சந்திரன் இருப்பான்.

அமெரிக்கா தேசத்து டெலிவிஷன் ஹாஸ்யத் தொடர்களின் சமாசாரமோ வேறு. அங்கே கதாபாத்திரத்துக்கு முன்னால் ஒரு புராணமும் கிடையாது. அந்தப் பாத்திரம் பிறப்பதே ஒரு நடிகரின் முகத்தில்தான். வாரத்துக்கு ஒரு நாள், குறிப்பிட்ட மணிக்கு, அரை மணி நேரம், அந்த முகம் ஜனங்களின் வீட்டுக் கூடத்துக்கு வந்து போகிறது. இப்படி ஐந்து வருஷம், பத்து வருஷம் வந்து போகிறவர் கிட்டத்தட்ட பந்துவாகவே ஆகிவிடுகிறார். ஆகவே இந்தத் தொடர்கள் ரஸிகர்களுக்கு எழுதாத இரண்டு வாக்குறுதிகளைக் கொடுக்கின்றன. ஒன்று: அதே ஆட்கள் வருவார்கள். மற்றொன்று: அதே வேளைக்கு வருவார்கள்.

வாக்குறுதி என்று ஒன்று இருந்தால் அது சில சமயம் தவறுவதும் உலக இயற்கை. நடிகர்களுக்கு நோய் வருகிறது, மரணம் வருகிறது, கூலித் தகராறு வருகிறது. நிலையத்து முதலாளிகளுக்கோ அடிக்கடி புதிய யோசனை வருகிறது. அப்போதெல்லாம் சில தொடர்கள் தப்பிப் பிழைத்தன, சில அழிந்தன. எவை பிழைத்தன, எதனால் பிழைத்தன என்று பார்ப்பது வேடிக்கையான விஷயம் மட்டுமல்ல. பிரிவைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் சில உண்மைகளை அறிவதற்கும் அது உதவும்.

திங்கட்கிழமை இரவு

முதலில், இரண்டு வாக்குறுதிகளையும் காப்பாற்றிய தொடர் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1951-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஸி. பி. எஸ். நிலையத்தில் ‘ஐ லவ் லூசி’ ஆரம்பமாயிற்று. லூசில் பால் என்ற நடிகையும் அவருடைய கணவர் டெஸி அர்னாஸும் அதில் தம்பதிகளாகவே நடித்தார்கள். அர்னாஸ் கியூபா தேசத்தவர். இங்கிலீஷை உச்சரிப்பதில் அந்த ஊர் வாசனை வீசும். அவரை அமெரிக்கப் பெண்ணுக்குக் கணவனாகக் காட்டினால் ஜனங்கள் ஏற்பார்களா என்று நிலையத்தார் தயங்கினார்கள். ரேடியோவில் லூசிலுடன் நடித்த வேறொரு நடிகரையே போடலாம் என்றார்கள். அம்மையார் இணங்கவில்லை. 1950-ம் வருஷத்தில் தம்பதிகள் இருவரும் ஊர் ஊராய்ச் சென்று மேடையில் நடித்துக் காட்டி, ஜனங்களுடைய ஆதரவைப் பெற்ற பிறகுதான் காரியம் கைகூடிற்று.

திங்கட்கிழமை இரவு ஒன்பது மணி என்பது அந்தத் தொடருக்கு உரிய வேளை. (இங்கே குறிப்பிடும் மணிகள் எல்லாம் நியூயார்க் நேரப்படி.) 1957-ல் முடியும் வரையில் அந்த வேளை மாறவே இல்லை. சிகாகோ நகரத்தில் மார்ஷல் பீல்ட் என்று ஒரு பிரசித்தி பெற்ற பெரிய கடை இருந்தது. திங்கட்கிழமைதோறும் இரவில் வியாபாரம் நடத்தி வந்த அந்தக் கடை, வாங்க வரும் ஆள் குறைந்ததைக் கண்டு, இரவு வியாபாரத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது! லூசிக்காகக் கடைத் தெரு ஒதுங்கி வழிவிட்டதே ஒழிய, கடைத் தெருவுக்காக லூசி ஒதுங்கவில்லை.

1953-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே தினத்தில் லூசில் பாலுக்கு மெய்யாகவே ஆண் குழந்தை பிறந்தது. அன்றிரவு அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐஸன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற வைபவத்தைப் பார்த்தவர்களின் தொகை இதைவிட எவ்வளவோ குறைவு. நடிகை வேறு, பாத்திரம் வேறு என்ற எண்ணமே அன்றைக்கு ரஸிகர்களிடம் இருந்திருக்காது.

ஆள் மாறாட்டம்

1964-ல் ஏ. பி. ஸி. நிலையத்தில் ‘பிவிட்ச்டு’ என்ற தொடர் தோன்றிற்று. மந்திர சக்தி படைத்த ஸமந்தா என்ற பெண், டாரின் என்ற சாதாரண விளம்பரக் கம்பெனி உத்தியோகஸ்தனை மணந்துகொண்டு படும் பாடுதான் கதை. முதல் வருஷத்திலேயே அது நாட்டின் எல்லாத் தொடர்களுக்குள்ளும் இரண்டாவது ஸ்தானத்தைப் பெற்றது.

டாரினாக நடித்தவர் டிக் யார்க். அவருக்கு 1959-ல் ஒரு சினிமாப் படப்பிடிப்பின்போது முதுகில் பலத்த காயம் ஏற்பட்டிருந்தது. அந்த வலியைப் பொறுத்துக்கொண்டேதான் ஐந்து வருஷ காலம் ஊரைச் சிரிக்க வைத்தார். நாளாக ஆக அவரை உட்கார வைத்தும் படுக்க வைத்தும் எடுக்கும்படி காட்சிகளை அமைக்க வேண்டியிருந்தது. 1969-ல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அந்த வருஷம் புதிய பருவம் ஆரம்பித்தபோது டாரின் வந்தார். ஆனால் அது வேறு டாரின்! டிக் ஸார்ஜெண்ட் என்ற நடிகர் அதே வீட்டுக்குள் நுழைந்து, அதே மனைவியை அதே பெயர் சொல்லி அழைத்தார். இந்த மாற்றத்தைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. நாழிகைக்கு ஒரு மாயம் நிகழும் வீட்டில், கணவனின் முகத்தை மாற்றிய மாயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் விந்தை. எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டு அம்மாளாக நடித்த ஆலிஸ் பியர்ஸ் 1966-ல் புற்றுநோயால் இறந்தபோதும் இப்படியே ஸாண்ட்ரா கூல்டு என்பவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஸார்ஜெண்ட் திறமையற்றவர் அல்லர். தொடர் மேலும் மூன்று வருஷம் நடந்தது. ஆனாலும் அதன் செல்வாக்கு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போயிற்று. இந்தச் சமயத்தில், பல வருஷமாய் வியாழக்கிழமை இரவில் வந்துகொண்டிருந்ததை 1971-ல் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு எதிர் நிலையத்தில் வந்தது, அன்றைக்கு நாட்டில் முதல் ஸ்தானத்தில் இருந்த ‘ஆல் இன் தி பாமிலி’. ஆளும் மாறி வேளையும் மாறினால் எந்தத் தொடர்தான் நிலைக்கும்? 1972-ல் கதை முடிந்தது.

பிரிவைச் சொன்னவர்கள்

ரஸிகர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ‘மாஷ்’ என்ற தொடர் அதைச் சோதித்துப் பார்த்தது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியா யுத்தத்தில், போர்முனைக்கு அருகே கூடாரம் அடித்திருந்த ராணுவ வைத்தியர்களைப் பற்றியது அது. மூன்று வருஷத்து யுத்தம் டெலிவிஷனில் பதினோரு வருஷம் நடந்தது என்பது ஒரு வேடிக்கை.

முகாமின் தலைவரான ஹென்றி பிளேக் என்ற அசட்டு நல்ல மனிதராக மக்லீன் ஸ்டீவன்ஸன் நடித்தார். மூன்றாவது வருஷ முடிவில் அவர் தொடரை விட்டு விலகத் தீர்மானித்தார். 1975 மார்ச் 18-ந் தேதி அவருக்கு விடை கொடுக்கும் கதை வந்தது. பிளேக் சந்தோஷமாக விடை பெற்று ஊருக்குப் புறப்படுகிறார். கதை முடிந்தது என்று எல்லோரும் எழுந்திருக்கும் தருணத்தில், அறுவைச் சிகிச்சை நடக்கும் கூடாரத்துக்குள் ஒரு பையன் வந்து செய்தி வாசிக்கிறான். பிளேக் சென்ற விமானத்தை ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்திவிட்டார்கள், ஒருவரும் தப்பவில்லை. கதையின் இந்தக் கடைசிப் பக்கத்தை அந்தக் காட்சியை எடுக்கும் வேளை வரையில் பெரும்பாலான நடிகர்களுக்கே காட்டாமல் வைத்திருந்தார்கள்.

ஹாஸ்யத் தொடரில் இப்படி ஒரு மரணமா என்று கோபமாகக் கடிதம் எழுதியவர்கள் ஏராளம். ஆனால் யுத்தம் என்றால் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்ற உண்மையை அந்த அரை மணி சொல்லிவிட்டது. அதே சமயத்தில் வேன் ராஜர்ஸ் என்ற மற்றொரு முக்கிய நடிகரும் விலகினார். அவர் விடை பெறும் காட்சி எடுக்கப்படவில்லை. எழுத்தாளர்கள் அந்தக் குறையையே கதையாக்கினார்கள்: விடுமுறை முடிந்து வந்த நண்பன், சிநேகிதன் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான் என்று கேட்டு விமான நிலையத்துக்கு ஓடுகிறான், சற்று முன்னே விமானம் போய்விட்டது என்று அறிகிறான். வாழ்க்கையில் எத்தனை பிரிவுகள் இப்படி நேர்ந்துவிடுகின்றன!

பிளேக் இருந்த இடத்துக்கு ஹாரி மார்கன் வந்தார். அவர் நடித்த கர்னல் பாட்டர் அசடு அல்ல. பழுத்த அனுபவம் உள்ள குதிரைப் படைக் கிழவர். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. போனவரைப் போலவே ஒருவரைத் தேடாமல், போனவரோடு ஒப்பிட முடியாத ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தொடர் இன்னும் எட்டு வருஷம் செழித்தது. 1983 பிப்ரவரி 28-ந் தேதி இரண்டரை மணி நேரம் ஓடிய அதன் கடைசிக் கதையைப் பார்த்தவர்கள் சுமார் 10 கோடியே 60 லட்சம் பேர்.

ஸ்டீவன்ஸனோ வேறு தொடர்களில் நடித்துப் பார்த்தார், அவை நிலைக்கவில்லை. ஜனங்கள் அபிமானம் வைத்தது ஹென்றி பிளேக்கிடம். அதைத் தம்மிடம் வைத்ததாக எண்ணியதே பிசகு என்ற பொருளில் அவர் பிற்பாடு சொன்னதுண்டு. நடிகரின் முகத்தில் பிறந்த பாத்திரம், கடைசியில் நடிகரை விட்டுவிட்டு ஜனங்களோடு போய்விடுகிறது. 

‘சியர்ஸ்’ என்ற தொடரில் வந்தது மெய்யான மரணம். பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் ‘கோச்’ என்ற வெள்ளை மனதுக் கிழவராக நடித்த நிகோலஸ் கோலஸாண்டோ 1985 பிப்ரவரியில் காலமானார். அவருடைய பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்கவில்லை. கோச்சைத் தேடிக்கொண்டு கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் வருகிறான். அவர் இறந்துவிட்டார் என்று கேட்டு வருந்துகிறான். அவர் தன்னுடைய ‘பேனா நண்பர்’ என்கிறான். கடிதம் எழுதிக்கொள்வீர்களோ என்று கேட்டால், இல்லையாம். ஒருவருக்கொருவர் பேனா அனுப்பிக்கொள்வார்களாம்! கண்ணீருக்கும் சிரிப்புக்கும் நடுவே, ஊடி ஹாரல்ஸன் நடித்த அந்த இளைஞன் கடையில் வேலைக்கு அமர்ந்துவிடுகிறான். கோலஸாண்டோ தம்முடைய அறையில் மாட்டியிருந்த ஜெரோனிமோ என்ற செவ்விந்தியத் தலைவரின் படத்தைக் கடைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். 1993 மே மாதம் தொடரின் கடைசிக் காட்சியில் கடைக்காரர் சுவரண்டை சென்று, சற்றே சாய்ந்திருந்த அந்தப் படத்தைச் சரி செய்கிறார். அது யாருடைய படம் என்று அறிந்தவர்களுக்கு அந்த ஒரு செய்கையே போதுமானதாயிருந்தது.

நகல் எடுத்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடலாம். ‘ஆண்டி கிரிபித் ஷோ’ என்ற தொடரில் பார்னி என்ற உதவிப் போலீஸ்காரனாக நடித்துப் புகழ் பெற்ற டான் நாட்ஸ் 1965-ல் விலகினார். அந்த இடத்துக்கு வாரன் என்ற புதிய உதவிப் போலீஸ்காரன் வந்தான். படபடப்பிலும் பரபரப்பிலும் அவன் பார்னியின் வார்ப்பாகவே இருந்தான். பதினோரு கதைகளோடு அவன் காணாமல் போனான். அதற்குப் பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். 1968-ல் முடிந்தபோது அந்தத் தொடர் நாட்டில் முதல் ஸ்தானத்தில் இருந்தது!

கூலித் தகராறு

நோயும் சாவும் நம் கையில் இல்லை. ஆனால் பல முகங்கள் மறைந்ததற்குக் காரணம் கணக்குப் புத்தகம்தான். ‘த்ரீஸ் கம்பெனி’ என்ற தொடரில் நடித்த ஸூஸன் ஸோமர்ஸ், தம்முடன் நடிக்கும் ஜான் ரிட்டருக்குச் சமமாகத் தமக்கும் ஊதியம் வேண்டும் என்று 1980-ல் கேட்டார். வாரத்துக்கு 30,000 டாலராக இருந்ததை 1,50,000 டாலராக உயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. விளைவு என்ன? அந்தப் பருவத்தில் எஞ்சிய காலம் அவரை மற்ற நடிகர்களோடு சேர்க்காமல் தனியே நிறுத்தி, வெளியூரிலிருந்து டெலிபோனில் பேசுவதாக ஒரு நிமிஷக் காட்சி மட்டும் எடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாலரி ஹார்ப்பர் என்ற நடிகையின் பெயராலேயே 1986-ல் ‘வாலரி’ என்ற தொடர் தொடங்கிற்று. தகராறு முற்றி 1987-ல் அவரை நீக்கினார்கள். கதையில் அந்தத் தாய் மோட்டார் விபத்தில் இறந்ததாகச் சொல்லி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அத்தையைக் கொண்டுவந்தார்கள். தொடரின் பெயரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ‘ஹோகன் பாமிலி’ ஆக்கினார்கள். அம்மையார் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார். அவரை நீக்கியது தவறு என்று 1988-ல் ஜூரிகள் தீர்ப்பளித்து, 14 லட்சம் டாலரும் லாபத்தில் பங்கும் வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்த இருவரும் தனித்து நின்று போராடியவர்கள். 1994-ல் ஆரம்பித்த ‘பிரண்ட்ஸ்’ தொடரின் ஆறு நடிகர்களும் வேறு வழியைப் பின்பற்றினார்கள். கொடுத்தால் ஆறு பேருக்கும் ஒரே ஊதியம், இல்லாவிட்டால் ஆறு பேரும் இல்லை என்று ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கடைசி இரண்டு வருஷங்களில் கதை ஒன்றுக்கு ஒவ்வொருவரும் பெற்றது 10 லட்சம் டாலர். 2004-ல் தொடர் முடியும் வரையில் ஆறு முகங்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஒற்றுமையின் பலத்தைப் பற்றிப் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கால அட்டவணையின் சூட்சுமம்

இனி வேளையின் கதை. உபாத்தியாயர் தொழில் செய்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். காலை முதல் மணியில் பிரகாசிக்கும் கணக்குப் பாடம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் பாதி வகுப்பு கண்ணயர்ந்துவிடும். பாடமும் அதுதான், வாத்தியாரும் அவர்தான், வேளைதான் வேறு.

‘மாஷ்’ 1972-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கியபோது அதைக் கவனிப்பார் அதிகம் இல்லை. மறு வருஷம் அதைச் சனிக்கிழமை எட்டரை மணிக்கு மாற்றினார்கள். அதற்கு முன்னால் ‘ஆல் இன் தி பாமிலி’. பின்னால் ‘மேரி டைலர் மூர் ஷோ’. இரண்டு செல்வாக்குள்ள அண்டை வீட்டாருக்கு நடுவே குடியேறிய தொடர், அந்த வருஷமே நான்காவது ஸ்தானத்துக்கு ஏறிவிட்டது. ‘சியர்ஸ்’ கதையும் இதுவேதான். 1982-ல் தொடங்கியபோது பட்டியலின் அடியில் கிடந்தது. நிலையத்தார் பொறுமையோடு அதை வியாழக்கிழமையிலேயே வைத்திருந்தார்கள். 1984-ல் அதே இரவு எட்டு மணிக்கு ‘காஸ்பி ஷோ’ வந்து கூட்டத்தைச் சேர்த்தது. வந்த கூட்டம் எழுந்து போகாமல் ‘சியர்ஸை’யும் பார்த்தது. பிற்காலத்தில், ‘சியர்ஸ்’ முடிந்தவுடன் வந்த அரை மணியைப் பெற்று ‘ஸைன்பெல்டு’ பெரும் புகழ் அடைந்தது. 

எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் வாய்க்குமா? தீவில் அகப்பட்டுக்கொண்ட ஏழு பேரைப் பற்றிய ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ மூன்று வருஷத்தில் மூன்று கிழமைகள் மாறிற்று. நான்காவது வருஷமும் நடக்கும் என்று நடிகர்கள் நம்பியிருந்தார்கள். 1967-ல், நிறுத்தப்படவிருந்த ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய தொடரை மீட்க வேண்டும் என்று ஸி. பி. எஸ். தலைவர் வில்லியம் பேலி விரும்பினார். அதற்கு இடம் வேண்டுமே! திங்கட்கிழமை ஏழரை மணியிலிருந்து கில்லிகனைக் கிளப்பிவிட்டார்கள். அந்த வேளையில் அமர்ந்த ‘கன்ஸ்மோக்’ புத்துயிர் பெற்று 1975 வரை வாழ்ந்தது. ஒருவருக்கு வாழ்வு கொடுத்த வேளை மற்றொருவருக்கு இல்லாமற் போயிற்று.

வேளையைப் பற்றிய சண்டை நியாய ஸ்தலம் வரையில் போனதும் உண்டு. 1975-ல் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ‘குடும்ப வேளை’ என்றும், அப்போது குழந்தைகளும் பார்க்கத் தக்கவையே வர வேண்டும் என்றும் நிலையத்தார் ஏற்பாடு செய்தார்கள். சர்க்கார் கமிஷனின் நெருக்குதல் இதற்குப் பின்னால் இருந்தது. பெயரிலேயே ‘பாமிலி’ உள்ள ‘ஆல் இன் தி பாமிலி’ அந்தக் குடும்ப வேளைக்கு ஆகாது என்று ஒன்பது மணிக்குத் தள்ளப்பட்டது! எழுத்தாளர் சங்கமும், அந்தத் தொடரை உருவாக்கிய நார்மன் லியரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். சர்க்காரின் நெருக்குதலால் வந்த இந்த ஏற்பாடு பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று 1976-ல் நீதிபதி பெர்கூஸன் தீர்ப்புச் சொன்னார்.

இன்றோ வேளை என்பதே பலருக்கு இல்லாமற் போய்விட்டது. வலைத்தளத்தின் வழியாக யாரும் எந்தத் தொடரையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம். பதினோரு வருஷத்துக் கதையை ஒரு மாதத்தில் பார்த்துத் தீர்க்கலாம். டாரின் இருவரையும் ஒரே மாலையில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம். இது சௌகரியம்தான், சந்தேகமில்லை.

ஆயினும் ஒன்று யோசிக்க வேண்டும். 1975 மார்ச்சில் ஹென்றி பிளேக் இறந்த செய்தியைக் கேட்டவர்கள், கர்னல் பாட்டர் வந்து சேரும் செப்டம்பர் மாதம் வரையில் காத்திருந்தார்கள். அந்த ஆறு மாதமும் முகாமுக்குத் தலைவர் இல்லை. ஜனங்களுடைய மனத்திலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. இன்று பார்க்கிறவருக்கு மூன்றாவது கதையிலேயே புதிய தலைவர் வந்துவிடுகிறார். நடுவே காபி ஒரு வாய் குடிக்கத்தான் அவகாசம். பாட்டரை அந்நாளைய ஜனங்கள் மனமாற வரவேற்றார்கள் என்றால், நல்ல நடிப்பும் நல்ல எழுத்தும் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. போனவருக்காக வருந்துவதற்கு அவர்களுக்குப் போதுமான நாட்கள் கிடைத்திருந்தன.